தார் எட்டரை கொடுக்கிறது: கோளாறா, வண்டியின் குணமா?

கேள்வி: ஐயா, நான் பொள்ளாச்சியில் இருக்கிறேன். ஆழியாறு பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு, வால்பாறையில் நான்கு அறையுள்ள ஒரு சின்னத் தங்கும் விடுதி. இரண்டு வருடத்துக்கு முன் 2013 மாடல் மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ., ஃபோர் பை ஃபோர், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரம் இரண்டு தடவை மளிகை, காய்கறி ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குவேன். மற்ற நாட்களில் தோப்புக்கும் வீட்டுக்கும்தான். ரிசர்வ் லைட் எரிந்ததும் 2,000 ரூபாய்க்கு டீசல் போடுவேன். மறுபடி லைட் எரிவதற்குள் 185 கி.மீ.தான் ஓடுகிறது. லிட்டருக்கு எட்டரை. உடுமலையில் இருக்கும் என் சகலையும் தார்தான் வைத்திருக்கிறார், அவருக்குப் பதிமூன்று கொடுக்கிறதாம். பட்டறையில் காட்டினேன். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும், 70,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். முன்னால் வைத்திருந்தவர் 245/75 ஆர்16 அளவில் பெரிய டயர் போட்டிருக்கிறார். இந்த மைலேஜ் இந்த வண்டிக்குச் சரியா? இன்ஜெக்டரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். இப்போதைக்கு அந்த 70,000 ரூபாயைத் தொடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். புகை வருகிறது என்று எழுதவில்லை. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறது என்றும் எழுதவில்லை. ஏற்றத்தில் இழுவை குறைந்துவிட்டது, எஞ்சினில் தட்டல் சத்தம் கேட்கிறது என்றும் இல்லை. நான்கு இன்ஜெக்டரும் போய்விட்ட ஒரு வண்டி இதில் ஒன்றையாவது உங்களுக்குக் காட்டியிருக்கும். மைலேஜ் என்ற ஒரே ஒரு எண்ணை வைத்து இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வது, எடை குறைந்திருக்கிறது என்று கேட்டதும் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது போல. முதலில் அந்த எட்டரை உண்மையா என்று பார்ப்போம்.

லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 2,000 ரூபாய்க்குச் சுமார் 21.7 லிட்டர் வரும். 185-ஐ வகுத்தால் எட்டரை. வகுத்தல் சரிதான், வகுக்க எடுத்துக்கொண்ட எண்கள்தான் நம்பகமில்லை. ரிசர்வ் லைட் டேங்குக்குள் இருக்கும் ஒரு மிதவையைப் பார்த்து எரிவது. வண்டி ஏற்றத்தில் நின்றால் ஒரு மாதிரி, இறக்கத்தில் நின்றால் வேறு மாதிரி, கொண்டை ஊசி வளைவில் டீசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இன்னொரு மாதிரி. வால்பாறை ரோட்டில் ஓடும் வண்டியில் அந்த லைட் இரண்டு லிட்டர் முன்னே பின்னே எரிவதில் ஆச்சரியமே இல்லை. 21.7 லிட்டரில் இரண்டு லிட்டர் என்றால் ஒன்பது சதவீதம். உங்கள் எட்டரை உண்மையில் ஏழே முக்காலாகவும் இருக்கலாம், ஒன்பதே காலாகவும் இருக்கலாம்.

ஆகவே ஃபுல் டேங்க் முறைக்கு வாருங்கள். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி அதே திசையில், அதே இடத்தில் நிற்க வேண்டும். டீசல் நுரைக்கும் சரக்கு. வேகமாகப் போட்டால் நுரை மேலே ஏறி நாசில் சீக்கிரமே கட் ஆகிவிடும், ஆனால் உள்ளே இன்னும் இடம் இருக்கும். அதனால் மெதுவாகப் போடச் சொல்லுங்கள். முதல் கட் ஆனதும் ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி போட்டு, இரண்டாவது கட்டில் நிறுத்திவிடுங்கள். கழுத்து வரை தளும்பத் தளும்ப ஊற்ற வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி செய்ய வேண்டும், அவ்வளவுதான். கால் டேங்குக்கு வரும் வரை ஓட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். முதலில் நிரப்பியதைக் கணக்கில் சேர்க்காமல், அதன் பிறகு மூன்று தடவை தொடர்ந்து நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாக மைலேஜ் பார்த்து, அப்புறம் அதற்குச் சராசரி எடுக்காதீர்கள். அது தப்பான விடை தரும். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நடுவில் நிரப்பியபோது கொஞ்சம் கூடக்குறைய ஆகியிருந்தால் அது அடுத்த டேங்கில் தானாகவே நேராகிவிடும். முதலிலும் கடைசியிலும் நடந்த பிசகு மட்டும்தான் கணக்கில் நிற்கும். 130 லிட்டருக்கு இரண்டு லிட்டர் பிசகு என்றால் ஒன்றரை சதவீதம். அதைத் தாராளமாக நம்பலாம்.

பங்க்கில் அளவு குறைக்கிறார்களோ என்ற சந்தேகம் இருந்தால் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எடையளவுத் துறை முத்திரை வைத்த ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது, அதாவது அரை சதவீதம். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது போட்டால் டீசல் அதிகம் கிடைக்கும் என்பதை நம்பி விடியற்காலையில் ஓட வேண்டாம். பத்து டிகிரி சூடு மாறினாலும் டீசலின் அளவு ஒரு சதவீதம்கூட மாறாது. அதோடு பங்க்கின் டேங்க் நிலத்துக்கு அடியில் இருக்கிறது, பகலுக்கும் இரவுக்கும் அங்கே பெரிய வித்தியாசம் கிடையாது.

லிட்டர் சரியானது. அடுத்தது கிலோமீட்டர். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் போகிற போக்கில் எழுதிய டயர் அளவுதான்.

உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 235/70 ஆர்16. கணக்குப் போட்டால் அதன் உயரம் 735 மில்லிமீட்டர். இப்போது இருக்கும் 245/75 டயரின் உயரம் 774 மில்லிமீட்டர். மீட்டருக்கு டயர் மாறியது தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் அதற்குத் தெரியும். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு ஐந்து சதவீதம் அதிக தூரம் போகிறது, மீட்டரோ பழைய கணக்கையே காட்டுகிறது. மீட்டரில் 185 என்றால் ரோட்டில் நீங்கள் ஓடியது சுமார் 195. உங்கள் எட்டரை அப்படியே ஒன்பதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை, லிட்டருக்கு அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

இது காகிதக் கணக்கு. டயர் தேய்ந்திருந்தாலோ காற்று குறைந்திருந்தாலோ மாறும். அதனால் நேரில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். கோயம்புத்தூர் பக்கம் வேலை வரும்போது அவிநாசியிலிருந்து பெருந்துறை நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, ஓரத்தில் நட்டிருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். இருபது கல் தாண்டியதும் மீட்டர் 19 காட்டினால், இனிமேல் மீட்டர் கிலோமீட்டரை 1.05-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவரை போன் மேப்பில் தூரம் பார்க்கச் சொன்னாலும் சரி. இதில் இன்னொன்றையும் மறக்காதீர்கள்: ஸ்பீடோமீட்டரும் இதே அளவு குறைத்துத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

பெரிய டயர் மீட்டரை மட்டும் ஏமாற்றவில்லை, டீசலையும் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். கனமான சக்கரத்தை ஒவ்வொரு வளைவிலிருந்தும் மறுபடி சுழற்றி வேகமெடுக்க வேண்டும். அதிலும் சேற்றுக்குப் போடும் பெரிய கட்டை டயராக இருந்தால் தார் ரோட்டில் அது உறுமுகிற சத்தமே டீசல் செலவுதான். அடுத்த செட் வாங்கும்போது கம்பெனி அளவுக்கே திரும்பிவிடுங்கள் என்பது என் யோசனை. தோப்பு வரப்பும் வால்பாறை ரோடும் போக அதுவே போதும்.

அடுத்தது மலை. வண்டி, நீங்கள், மளிகை மூட்டை எல்லாம் சேர்த்து இரண்டு டன் என்று வையுங்கள். இரண்டு டன்னை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் சக்தி ஏறக்குறைய 20 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சூடாகவும் உராய்வாகவும் போய்விடும். சக்கரத்துக்கு வந்து சேர்வது பத்து, பதினொன்று. ஆக, ஆயிரம் மீட்டர் ஏறுவதற்கு மட்டும் 1.8 லிட்டர் தனியாக வேண்டும். சமதரையில் அதே தூரம் ஓட ஆகும் டீசலுக்கு மேல் இது. எந்த மெக்கானிக் வந்தாலும் இதைக் குறைக்க முடியாது.

இப்போது உங்கள் ரோட்டுக்கு வருவோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கி.மீ. சமதரையில் லிட்டருக்கு 11 கொடுக்கும் நல்ல வண்டி என்றால் அந்தத் தூரத்துக்கு 5.8 லிட்டர். ஏற்றத்துக்கு 1.8 சேர்த்தால் 7.6 லிட்டர். 64-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், 8.4 வருகிறது. ஒரு கோளாறும் இல்லாத தார்கூட மேலே போகும்போது நீங்கள் கவலைப்படும் அதே எட்டரையைத்தான் கொடுக்கும்.

இறங்கும்போது திரும்பக் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கிடைக்கும். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். அந்த நேரத்தில் டீசல் செலவு சுத்தமாகப் பூஜ்யம். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் ஐடிலில் நிற்க டீசல் குடிக்கும். டீசல் மிச்சம் என்று நினைத்து நாற்பது கொண்டை ஊசி வளைவையும் நியூட்ரலில் இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். டீசலும் மிச்சமாகாது, எஞ்சின் பிரேக்கும் இருக்காது, பிரேக் ஷூ காய்ந்து பிடிமானம் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆனாலும் ஏறும்போது செலவழித்ததில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகத்தான் போகிறது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்து மறுபடி இரண்டாவது கியரில் இழுப்பதையும் சேர்த்துப் பார்த்தால், போய் வர மொத்தத்துக்கு ஒன்பதரை கிடைத்தால் அது நல்ல கணக்கு.

மீதி நாள் தோப்புக்கு ஓடுகிற சின்ன ஓட்டமும் உங்கள் சராசரியை இழுக்கிறது. டீசல் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரவே சில கிலோமீட்டர் ஆகும். அதற்குள் தோப்பு வந்துவிட்டால் வண்டி வாழ்நாள் முழுக்கக் குளிர்ந்த எஞ்சினில்தான் ஓடுகிறது. தோப்பில் ஆளோடு பேசிக்கொண்டே எஞ்சினை ஓடவிடும் பழக்கம் இருந்தால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகும், ஏ.சி. ஓடினால் இன்னும் அதிகம்.

சகலை விஷயம். தார் என்ற பெயரில் ரோட்டில் பல வண்டிகள் ஓடுகின்றன. 2010-இல் வந்த பழைய தாரில் உங்களுடையது 2,498 சி.சி., 105 குதிரைத்திறன் காமன் ரெயில் எஞ்சின், அதாவது நான்கு இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. அதே தோற்றத்தில் டி.ஐ. என்று இன்னொன்று இருந்தது. அது 2,523 சி.சி., 63 குதிரைத்திறன்தான். 2020-இல் வந்தது முற்றிலும் வேறு வண்டி, அதன் டீசல் எஞ்சின் 2,184 சி.சி., ஆறு கியர். அவருடையது எது என்று கேளுங்கள். உங்களுடையதைப் போன்றதே என்றாலும் உடுமலை, பழனி, தாராபுரம் என்று சமதரையில் எழுபது எண்பதில் ஓட்டினால் பன்னிரண்டு, பதிமூன்று வருவதை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். அதே ஆள் அதே வண்டியை நூறில் விரட்டினால் அந்தப் பதிமூன்று இருக்காது. தார் பெட்டி மாதிரியான உடம்பு. எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். விளம்பரத்தில் போடும் மைலேஜையும் பக்கத்தில் வைக்காதீர்கள். அது புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பு வண்டியை உருளை மேல் நிறுத்தி, ஏ.சி. இல்லாமல், வேகம் தொண்ணூறைத் தாண்டாமல் ஓட்டிப் பார்த்த எண். அதில் கொண்டை ஊசி வளைவு கிடையாது.

உங்கள் வண்டிக்குச் சரியான அளவுகோல் உங்கள் வண்டியேதான். போன வருடம் இதே ரோட்டில் இதே சுமையில் எவ்வளவு கொடுத்தது, இந்த வருடம் எவ்வளவு கொடுக்கிறது என்று பாருங்கள். அது இறங்கினால்தான் கவலை. ஒரு சின்ன நோட்டை டேஷ்போர்டில் போட்டு, டீசல் போடும்போதெல்லாம் தேதி, மீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதி வையுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்கேனரைவிட அந்த நோட்டு அதிகம் சொல்லும்.

சரி, 1,40,000 கி.மீ. ஓடிய வண்டியில் ஒன்றுமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஆனால் செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள்.

நான் முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு. நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மலை ஏறும்போது வண்டி ஹீட் ஆகிறது என்று யாராவது சொன்னால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மூடியை மாட்டிவிடுவார்கள். கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தார் வந்தது. அதற்கும் மைலேஜ் புகார்தான், ஏற்கெனவே இரண்டு இன்ஜெக்டர் மாற்றியிருந்தார்கள். சூடு காட்டும் முள் கால் பங்கைத் தாண்டவே இல்லை. எஞ்சின் மேல் இருக்கும் தெர்மோஸ்டாட் மூடியை இரண்டு போல்ட் தளர்த்தித் திறந்தேன். உள்ளே வெறும் பள்ளம். தெர்மோஸ்டாட் உட்காரும் விளிம்பில் வருடக்கணக்கான சுண்ணாம்பு படிந்திருந்தது, அதாவது கழற்றி வெகுநாள் ஆகிறது. எஞ்சின் 80, 90 டிகிரியில் ஓட வேண்டும். அந்த வண்டி நீலகிரிக் குளிரில் ஐம்பது, அறுபதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக்கொண்டே இருந்தது. புது தெர்மோஸ்டாட் போட்டு அனுப்பினேன். அதே ரோட்டில் 8.8 கொடுத்தது 9.6-க்கு வந்தது. ஹீட் ஆகிறது என்ற பழைய புகாருக்கு ரேடியேட்டர் அடைப்புதான் காரணம், அதையும் சுத்தம் செய்தோம். உங்கள் வண்டியில் அரை மணி நேரம் ஓட்டியும் முள் வழக்கமான இடத்துக்கு வரவில்லை என்றால் முதல் வேலை இதுதான்.

அடுத்தது இழுபடும் பிரேக். மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் முன் சக்கரத்தில் பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் ஊசி துருப்பிடித்து, காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாது. சமமான ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் அதிகம் பிரேக் பிடிக்காமல் மெதுவாக நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். நான்கில் ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது வீல் பேரிங் இறுகியிருக்கிறது. டயர் காற்றையும் ஓட்டத் தொடங்குவதற்கு முன், குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். சேற்றில் இறக்குவதற்குக் காற்றைக் குறைத்துவிட்டு மறுபடி பிடிக்க மறந்துபோன வண்டிகள் மாதத்துக்கு ஒன்றாவது என்னிடம் வருகிறது.

ஃபோர் பை ஃபோர் லீவரைப் பற்றி ஒரு வார்த்தை. வால்பாறை ரோடு காய்ந்திருக்கும்போது ஃபோர் எச்-இல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில், ஏறாதீர்கள். இந்த வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். பூட்டியிருந்தால் அது முடியாமல் டயர் தேயும், ஸ்டீயரிங் இறுகும், டீசல் வீணாகும். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ எச்-க்கு மாற்றிய பிறகும், முன் சக்கரத்தை அச்சோடு பூட்டும் ஹப் விடுபடாமல் இருப்பதுண்டு. மாற்றியதும் சில மீட்டர் நேராகப் பின்னால் எடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். சந்தேகம் இருந்தால் பட்டறையில் முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சக்கரத்தோடு உள்ளே அச்சுத் தண்டும் சேர்ந்து சுற்றினால் ஹப் இன்னும் பூட்டியே இருக்கிறது.

ஏற்றத்தில் கால் அழுத்தும்போது கறுப்புப் புகை வந்தால் மட்டும் காற்றுப் பாதையைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் முதலில். அப்புறம் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். கிளிப்புக்குப் பக்கத்தில் ஹோஸை இரண்டு கையாலும் பிசைந்து பார்க்க வேண்டும். சும்மா பார்த்தால் தெரியாத கீறல் பிசையும்போது வாய் திறக்கும், சுற்றிலும் ஆயில் ஈரம் பிடித்திருக்கும். அதேபோல் ஏற்றத்தில் எஞ்சின் சுற்று ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, ஒரு கருகல் வாசனை வருகிறது என்றால் கிளட்ச் நழுவுகிறது.

இப்போது இன்ஜெக்டர். அதற்கு முறையான சோதனை இருக்கிறது. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய டியூப் மாட்டி, நான்கு சின்னக் கண்ணாடி பாட்டிலில் விடுவார்கள். எஞ்சினைச் சில நிமிடம் ஐடிலில் ஓட்டினால் நான்கிலும் டீசல் மெல்ல ஏறும். நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றால் நல்லது. மூன்று பாட்டிலில் விரற்கடை அளவில் நிற்க, ஒன்றில் மட்டும் பாட்டில் பாதிக்கு ஏறினால் அந்த ஒன்றில் தேய்மானம் இருக்கிறது. ஒன்றை மாற்ற வேண்டிய இடத்தில் எதற்கு நான்கு? அதோடு இதைக் கவனியுங்கள்: அந்த ரிட்டர்ன் டீசல் எங்கும் வீணாகவில்லை, டேங்குக்குத்தான் திரும்பிப் போகிறது. ரிட்டர்ன் அதிகமானால் ஸ்டார்ட்டிங்கில்தான் தகராறு வரும், மைலேஜை அது நேரடியாகத் தின்பதில்லை. மைலேஜைத் தின்பது முனை சொட்டும் இன்ஜெக்டர். அது புகையும் தட்டலும் காட்டும், எஞ்சின் ஆயிலில் டீசல் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தாலோ முகர்ந்தால் டீசல் வாசனை அடித்தாலோ உடனே வண்டியை நிறுத்திவிடுங்கள். அப்போது நான் சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

மைலேஜைக் கூட்டும் என்று டேங்கில் ஊற்றும் மருந்து, டீசல் பைப்பில் கட்டும் காந்தம் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் கலப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். காமன் ரெயில் பம்புக்கு மசகு டீசல்தான்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். மாதம் 1,200 கி.மீ. ஓடுகிறீர்கள் என்று வைத்தால், ஒன்பது கொடுக்கும்போது 133 லிட்டர், பத்து கொடுத்தால் 120. மிச்சம் 13 லிட்டர், சுமார் 1,200 ரூபாய். நான்கு இன்ஜெக்டரையும் மாற்றி உண்மையிலேயே ஒரு கிலோமீட்டர் கூடினாலும், 70,000 ரூபாய் திரும்பி வர நாலே முக்கால் வருடம் ஆகும். அதுவே தெர்மோஸ்டாட்டிலோ பிரேக்கிலோ கிடைத்தால் முதல் சில மாதத்திலேயே போட்ட காசு வந்துவிடும்.

என் அனுபவத்தில் உங்கள் வண்டிக்கு, உங்கள் ரோட்டுக்கு, அந்த டயரோடு ஒன்பதிலிருந்து பத்துக்குள் இருந்தால் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். மூன்று டேங்க் கணக்கை எடுத்து, மீட்டர் பிசகைத் திருத்துங்கள். எட்டரைக்குக் கீழே வந்தால் மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். எட்டுக்கும் கீழே என்றாலோ, மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தாலோ மறுபடி எனக்கு எழுதுங்கள். எழுதும்போது சூடு காட்டும் முள் எங்கே நிற்கிறது, எந்தச் சக்கரம் சுடுகிறது, ஆயில் மட்டம் என்ன, அந்த நான்கு பாட்டிலில் எது எவ்வளவு ஏறியது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். பாட்டில் சோதனை செய்யாமல் இன்ஜெக்டரில் கைவைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.